ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து கற்பிக்க எந்த வழி? அரிச்சுவடி, ஒலிக்கூட்டு, சொல் அட்டை, செயலி

பள்ளி திறக்கும் மாதம் வந்தால் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வியும் வந்துவிடும். "மகளுக்கு ஐந்து வயது. அரிச்சுவடியை வரிசையாக மனப்பாடம் செய்ய வை என்கிறார் மாமியார். பள்ளியில் ட, ப, ம என்று தொடங்கியிருக்கிறார்கள். கடையில் படத்தோடு சொல் அட்டைகள் கிடைக்கின்றன. அண்ணன் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கித் தந்திருக்கிறார். எதைப் பிடிப்பது, எதை விடுவது?"

பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் சிறுபிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். முன்பெல்லாம் "எல்லாமே நல்லதுதான், எதையாவது விடாமல் செய்யுங்கள்" என்று பதில் சொல்லிவிடுவேன். என் எண்ணத்தை மாற்றியவள் ஒரு சிறுமி. வகுப்புக்கு வந்த முதல் நாளே க முதல் னௌ வரை பதினெட்டு வரிசையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பலகையில் "மு" என்று மட்டும் எழுதிக் கேட்டேன். சத்தமே இல்லை. மடியில் வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, உதடு மட்டும் அசைந்தது: ம, மா, மி, மீ… ஐந்தாவது விரலில் "மு!" என்றாள். விடை சரிதான். ஆனால் சுவரில் தொங்கும் அட்டையில் அந்த உருவம் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்பதை எண்ணித்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். இப்படி எண்ணி எண்ணி ஒரு வரியை யாரால் வாசிக்க முடியும்?

அன்றிலிருந்துதான், எழுத்தைப் பார்த்தவுடன் ஒலி எழுவதற்குத் தலைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

## கண்ணும் காதும் சேரும் இடம்

பேச்சைக் குழந்தை யாரும் பாடம் நடத்தாமலே பிடித்துக்கொள்கிறது. எழுத்து அப்படி வராது. மனித குலத்துக்கு எழுத்து வந்து ஐயாயிரம் ஆண்டுகள் போலத்தான் ஆகிறது. அதற்கென்று தனியாக ஒரு மூளைப் பகுதி உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே ஒவ்வொரு குழந்தையின் மூளையும், வேறு வேலைக்காக இருக்கும் பகுதிகளை இணைத்து இந்த வேலைக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.

பிரான்ஸில் 1887ஆம் ஆண்டு ஒருவருக்குத் திடீரென்று வாசிப்பு மட்டும் போய்விட்டது. பேசினார், பொருள்களை அடையாளம் கண்டார், சொன்னதை எழுதவும் செய்தார். தான் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. விரலால் எழுத்தின் மேல் வரைந்து பார்த்தால் மட்டும் அது என்னவென்று பிடிபட்டது. அவரை ஆராய்ந்த ஜூல் டெஜெரின் என்ற மருத்துவர், அவர் இறந்த பிறகு மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் சேதம் இருந்ததைக் கண்டு 1892இல் எழுதினார். நூறாண்டு கழித்து ஸ்கேன் கருவிகள் வந்தபோது, எழுத்துச் சரங்களைக் கண்டால் விழித்துக்கொள்ளும் பகுதி மூளையின் இடது அடிப்பக்கத்தில் இருப்பது தெளிவானது.

கண் பக்கம் இது. ஒலி பக்கம் காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் இருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தைக் காட்டிக்கொண்டே அதன் ஒலியைக் கேட்க வைத்தார்கள். ஒலி எழுத்தோடு பொருந்தினால் செவிப்புலப் பகுதியின் துலக்கம் கூடியது, பொருந்தாவிட்டால் குறைந்தது. கண் பார்த்தது காது கேட்கும் இடத்திலேயே போய்த் தலையிடுகிறது. இரண்டும் ஒரே நொடியில் வந்தால்தான் இது சரியாக நிகழ்கிறது என்று அவர்களின் அடுத்த ஆய்வு காட்டியது.

தமிழில் "எழுத்து" என்ற ஒரே சொல் வரிவடிவத்தையும் ஒலியையும் குறிப்பது இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று சொல்ல ஒரு தனி இயலே இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு வழிகளையும் பார்க்கும்முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, உருவமும் ஒலியும் ஒரே நொடியில் சேர்கின்றனவா? இரண்டாவது, இதுவரை பார்க்காத சொல்லைப் பிள்ளையால் வாசிக்க முடிகிறதா? வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பார்த்துப் பழகிய சொல்லைச் சொல்வது நினைவாற்றல். மூன்றாவது, கை வேலை செய்கிறதா? நான்காவது, வீட்டில் யாருடைய நேரம் எவ்வளவு போகிறது? விலைப்பட்டியலில் வராத செலவெல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

## அரிச்சுவடி வரிசை

இதைக் குறைத்துப் பேச மாட்டேன். உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், இரண்டும் கூடும் இடத்தில் உயிர்மெய் என்று கட்டம் போட்டுக் காட்டும் அழகான ஒழுங்கு அது. பாட்டாகப் பாடலாம். பின்னால் அகராதி பார்க்கவும் உதவும்.

சிக்கல் தொடங்கும் இடத்தில்தான். 247 என்ற எண்ணைக் கேட்டதுமே பெற்றோருக்கு மலைப்பாகிவிடுகிறது. உண்மையில் பிள்ளை கண்ணால் பழக வேண்டிய உருவங்கள் அவ்வளவு இல்லை. உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1, புள்ளியோடு சேர்த்துக் குறிகள் 7, எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர ஊகார வரிசைகள் 36. கூட்டினால் 74. மற்றவை எல்லாம் இவற்றின் சேர்க்கை. அந்த 36ஐயும் இனம் பிரித்துக் கொடுக்கலாம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. கட்டத்தை மேலிருந்து கீழாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த உறவு கண்ணில் படுவதே இல்லை.

மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று, அந்தச் சிறுமியிடம் பார்த்த சங்கிலி: ஓர் எழுத்தை எடுக்க முன்னால் உள்ள எல்லாவற்றையும் இழுக்க வேண்டியிருக்கிறது. வாய் பாடும்போது கண் அட்டையின் வேறு கட்டத்தில் இருக்கும். உருவமும் ஒலியும் ஒரே நொடியில் சேர்வதில்லை. இரண்டு, எழுத்தின் பெயர். "ஆனா, ஆவன்னா" என்றும் "இக், இங், இச்" என்றும் பழகிய பிள்ளை "பக்கம்" என்ற சொல்லை "ப… இக்… க… இம்" என்று வாசிக்கும். பெயரை உரித்து ஒலியை எடுக்கும் வேலை கூடுதலாகச் சேர்கிறது.

வீட்டில் நாள் முழுதும் தமிழ் கேட்கும் பிள்ளை, சிறு சொற்களை வாசிக்கத் தொடங்கிவிட்ட பிறகு இந்த வரிசைக்கு வந்தால், அதுவரை சிதறலாகத் தெரிந்தவை கட்டத்தில் போய் உட்காரும். அப்போது இதைவிட நல்ல கருவி கிடையாது.

## ஒலிக்கூட்டு

இது என் தேர்வு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படிப்பவர் அதைக் கழித்துக்கொண்டு பார்க்கலாம்.

நான்கைந்து எழுத்துகளை எடுத்துக்கொள்வது, ஒலியோடு பழகுவது, அன்றே அவற்றைக் கூட்டிச் சொல் வாசிப்பது. ட, ப இரண்டும் நேர்க்கோடுகளால் ஆனவை, ம-வில் ஒரு வளைவு மட்டும் கூடுகிறது. மூன்றும் ஐந்து வயதுக் கைக்கு எளியவை. புள்ளியும் துணைக்காலும் சேர்த்துப் பாருங்கள்: படம், மடம், பட்டம், பாடம், மாமா, பாப்பா. அடுத்த வாரம் இகரக் குறி வந்தால் படி, மடி, மாடி, பாட்டி. மூன்று எழுத்தும் மூன்று குறியும் வைத்துக்கொண்டு பிள்ளை பாட்டியின் முன்னால் நின்று "பாட்டி" என்று வாசித்துக் காட்டும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் வேறு வழிக்குப் போக மாட்டார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. எங்கும் இல்லாத ஓர் எழுத்துமுறையை உருவாக்கிப் பெரியவர்களுக்குக் கற்பித்தார்கள். சில சொற்களை எழுத்துக்கு எழுத்து ஒலி சொல்லியும், சிலவற்றை முழு உருவமாகவும் கற்றார்கள் அதே ஆட்கள். பிறகு மூளை அலைகளை அளந்தபோது, ஒலியோடு கற்ற சொற்களுக்கு இடப்பக்கம் முந்தியது. முழு உருவமாகக் கற்றவற்றுக்கு வலப்பக்கம். தேர்ந்த வாசகரின் மூளையில் முந்துவது இடப்பக்கமே. கற்கும்போது கவனம் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து மூளையின் பாதை மாறுகிறது.

இருந்தாலும் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தவறிப்போகும். தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு இயல்பான அளவு "க்" கிடையாது. "க", "பக்", "கம்" போன்ற அசைகள்தான். பேச்சில் தனித்தனி ஒலிகள் இருக்கின்றன என்ற உணர்வே எழுத்து கற்பதால் வளர்வது. எழுத்தறியாத போர்ச்சுகீசியப் பெரியவர்களால் சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்ல முடியவில்லை என்று 1979இலேயே கண்டார்கள். ஆகவே அசையில் தொடங்கி ஒலிக்கு இறங்குங்கள். மெய்யைத் தனியாக உச்சரிக்க விடாமல் முன்னெழுத்தோடு ஒட்டிச் சொல்ல வையுங்கள்: "பக்", "கம்", "பக்கம்". "இக்" தானாக உதிர்ந்துவிடும்.

கொம்புதான் பெரிய இடறல். "கெ"யில் கொம்பைக் கண் முதலில் பார்க்கிறது, ஒலியிலோ க முந்துகிறது. "கொ"வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. "கொக்கு" என்பதை ஒரு பையன் "கெ… ர… க்கு" என்று வாசித்தான். நான் திருத்த வாயெடுத்தபோது துணைக்காலைச் சுட்டி "இது ர தானே?" என்று கேட்டான். அவன் கண்ணில் பிழையே இல்லை, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எழுத்து வரிசையும் ஒலி வரிசையும் மாறும் இடங்களில் இந்தி வாசிப்போரும் தாமதமாவதாக ஆய்வு உண்டு. ஆகவே எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளைக் கடைசிக்கு வைத்து, கொம்பையும் எழுத்தையும் ஒரே கட்டத்துக்குள் வரைந்து ஒரே உருவமாகக் காட்டுங்கள்.

இன்னொன்று: க என்ற ஒரே எழுத்து பக்கம், பகல், பங்கு என்ற மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, சொல் தெரிந்தால் வாய் தானே மாற்றிக்கொள்ளும். தமிழைக் கேட்டு வளராத பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும்.

செலவு? பெற்றோரின் நேரம். நாளுக்கு இருபது நிமிடமாவது பக்கத்தில் உட்கார வேண்டும். கற்ற எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய கதைப் புத்தகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. சொற்சீட்டுகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும். முதல் இரண்டு மாதம் பிள்ளை தட்டித் தடவி வாசிக்கும்போது "பக்கத்து வீட்டுப் பையன் முழுதும் ஒப்பிக்கிறானே" என்ற பேச்சையும் தாங்க வேண்டும். ஒலியால் தீராத இடங்களும் உண்டு: ந/ன வேறுபாடு எங்கும், ர/ற வேறுபாடு பலருடைய பேச்சிலும் கேட்பதே இல்லை. அவற்றைச் சொல்லோடுதான் பழக வேண்டும்.

## சொல் அட்டை

படத்தின் கீழே "அம்மா", "பந்து" என்று எழுதிய அட்டைகளைக் காட்டிக் காட்டிச் சொல்லின் முழு உருவத்தைப் பதிய வைப்பது. தொடக்கம் மிக வேகம். பத்து நாளில் இருபது சொல் வந்துவிடும், விருந்தாளிகள் வியப்பார்கள்.

தேர்ந்தவர்கள் சொல்லை முழுதாகத்தானே பார்க்கிறோம் என்று தோன்றும். எழுத்துகளை எல்லாம் ஒரே நேரத்தில் அறியும் வேகம் கைவந்ததால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. அது பயிற்சியின் முடிவில் வருவது. தொடக்கத்தில் வைக்க முடியாது. தமிழுக்கு இது இன்னும் பொருந்தாது. "மரம்" அட்டையைப் பழகிய பிள்ளை மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கும் என்று வந்தால் என்ன செய்யும்? நம் சொற்கள் ஒட்டு ஒட்டாக நீள்பவை, எத்தனை அட்டை வாங்கினாலும் போதாது. படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதை உடைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மூன்று நான்கு வயதில் தன் பெயர், "அம்மா", "பால்" என்று சில சொற்களை ஆசைக்குக் காட்டலாம். அதோடு சரி.

## செயலி

இதை எதிர்ப்பவர்களோடு நான் முழுக்கச் சேரவில்லை. எழுத்தும் ஒலியும் துல்லியமாக ஒரே நொடியில் வருவதை இயந்திரம் சலிக்காமல் செய்யும். பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம் என்ற விளையாட்டை, வாசிக்கத் தெரியாத சுவிட்சர்லாந்துக் குழந்தைகளுக்கு எட்டு வாரத்தில் மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். அவர்கள் மூளையில் எழுத்தைக் கண்டு துலங்கும் பகுதி அதற்குள் விழிக்கத் தொடங்கியதை 2010இல் வெளியிட்டார்கள். ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை வேறொன்றையும் சொன்னது: விளையாட்டை மட்டும் கையில் கொடுத்தால் சொல் வாசிப்பில் பொதுவாகப் பயனில்லை, பெரியவர் கூடவே இருந்து ஈடுபட்டால் பயன் இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலரும் செயலியைத் தேடுகிறார்கள். அந்த மிச்சம் கிடைப்பதில்லை.

கையும் இங்கே விடுபடுகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், புள்ளிக்கோட்டின் மேல் வரையவும், விசைப்பலகையில் தட்டவும் வைத்துப் பிறகு ஸ்கேன் செய்தார்கள். 2012இல் வந்த முடிவு: வாசிப்புக்குரிய பகுதிகள் நன்றாகத் துலங்கியது தானாகக் கையால் எழுதிய எழுத்துகளுக்கே. பிள்ளையின் கோணல்மாணல் எழுத்திலும் பயன் இருக்கிறது. ஒரே எழுத்தைப் பல வடிவில் கண் பார்த்துவிடுகிறது. பச்சரிசியிலும் மணலிலும் விரலால் எழுத வைத்த நம் முன்னோரின் வழக்கத்தை இப்போது அதிக மதிப்போடு பார்க்கிறேன். ஒன்றே ஒன்று: எழுதும்போது வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுவது ஓவியப் பயிற்சி.

செயலி வாங்கும்முன் நீங்களே பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ல, ள, ழ மூன்றையும் அந்தக் குரல் வேறுபடுத்திச் சொல்கிறதா? எழுத்தைத் தொட்டவுடன் ஒலி வருகிறதா, யானை ஆடி முடித்த பிறகு வருகிறதா? பின்னதென்றால் அழித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | உருவமும் ஒலியும் ஒரே நொடியில் | புதிய சொல் | கை | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| அரிச்சுவடி | அரிது | தாமதமாக | உண்டு | சங்கிலி நினைவு, எழுத்தின் பெயர் |
| ஒலிக்கூட்டு | உண்டு | முதல் வாரத்திலேயே | சேர்த்துக்கொண்டால் உண்டு | பெற்றோரின் நேரம், சீட்டு எழுதும் வேலை |
| சொல் அட்டை | சொல் அளவில் மட்டும் | இல்லை | இல்லை | ஊகிக்கும் பழக்கம் |
| செயலி | நல்லதாக இருந்தால் உண்டு | பெரியவர் கூட இருந்தால் | இல்லை | திரை, கவனச் சிதறல் |

## உங்கள் வீட்டுக்கு எது

வீட்டில் தமிழ் புழங்குகிறது, பிள்ளைக்கு ஐந்து வயது, தினமும் இருபது நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் ஒலிக்கூட்டும் கையெழுத்தும். ஆறு மாதம் கழித்து அரிச்சுவடிக் கட்டத்தைச் சுவரில் மாட்டுங்கள். கேள்வியோடு எழுதிய அம்மாவுக்கும் இதுவே பதில். மாமியாரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை, "தீபாவளிக்குப் பிறகு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும், அத்தை" என்று சொல்லுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இருபது நிமிடம் கிடைக்காவிட்டால், பத்து நிமிடம் செயலியைக் கூட உட்கார்ந்து ஆடி, அதில் வந்த எழுத்தை உடனே தாளில் எழுத வையுங்கள்.

டொராண்டோவிலோ லண்டனிலோ வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் கதை வேறு. ல, ள, ழ காதில் பிரியாத பிள்ளைக்கு மூன்று எழுத்தைக் காட்டினால் அவை பற்றிக்கொள்ள ஒலியே இருக்காது. எழுத்தைச் சில மாதம் தள்ளிவைத்துக் கதையும் பாட்டும் பேச்சுமாகக் காதை நிரப்புங்கள். வளர்ந்த பிள்ளையானாலும், ஏன், பெரியவரானாலும் தயங்க வேண்டாம். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் முதிர்ந்த வயதில் எழுத்தறிந்தவர்களின் மூளையிலும் அதே பகுதிகள் மாறியிருந்ததை 2010இல் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். எழுத்தின் பகுதி மட்டுமா, பேச்சைக் கேட்கும் பகுதியே கூர்மையாகியிருந்தது.

## எவ்வளவு நாள் பொறுப்பது

டச்சுப் பிள்ளைகள் எழுத்துக்குரிய ஒலியை ஓராண்டுக்குள் பிழையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த இணைப்பு யோசிக்காமல் தானாக நிகழும் நிலைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆவதை மூளை அலைகள் காட்டின. நம் எழுத்துக்கு நெருங்கிய உறவான கன்னடத்தில், உயிர்மெய்களை முழுதாகக் கைக்கொள்வது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது. ஆகவே முதல் வகுப்பில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று வாசிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். இரவில் ஒரு பக்கம், நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி என்று இன்னும் சில ஆண்டுகள் தொடர வேண்டும்.

நன்றாகப் பேசும் பிள்ளை, ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும், இரண்டாம் வகுப்பு முடியும்போது "படம்", "பாடம்" என்ற சொற்களில் திணறினால் அதைச் சோம்பல் என்று அடிக்காதீர்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களின் மூளையில் எழுத்தும் ஒலியும் சேரும் அந்த இடத்தில்தான் துலக்கம் குறைவாக இருப்பதாக மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்களே பின்னர் கண்டார்கள். இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். என் வகுப்பில் ஓராண்டு "கவனமில்லாத பையன்" என்று பெயர் வாங்கியவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.